சுருட்டை முடிக்கு வேலை எல்லாம் ஈரத்தில்தான்

செந்தூலில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் படிவம் 2 படிக்கிறாள். ஆரம்பப் பள்ளி வரை லேசான அலை முடியாக இருந்தது, இப்போது முழுச் சுருட்டையாகிவிட்டது. காலையில் எண்ணெய் தடவி, வாரிப் பின்னி அனுப்பினால், பள்ளியில் ஓய்வு நேரம் வருவதற்குள் நெற்றியைச் சுற்றிப் பரட்டையாகக் கிளம்பிவிடுகிறது. பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று அழுகிறாள். மாமியார் எண்ணெய் பத்தவில்லை என்கிறார். சலூனில், மருந்து போட்டு முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்யச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டால் நேராக வளரும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலேயே சமாளிக்க வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு, பெரிய செலவும் இல்லை. நான் பிரிக்பீல்ட்ஸில் சலூன் வேலை பார்ப்பவள், என் தலையும் சுருட்டைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மொட்டை விஷயத்தை முடித்துவிடுவோம். முடி சுருள்வதும் நேராக நிற்பதும் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையின் வடிவத்தைப் பொறுத்தது. பை நேராக இருந்தால் நேர்முடி, வளைந்து சாய்ந்திருந்தால் சுருட்டை. கத்தி படுவதோ தோலுக்கு மேலே. வேண்டுதல் இருந்தால் தாராளமாக மொட்டை போடுங்கள், ஆனால் திரும்ப வளர்வது அதே சுருட்டையாகத்தான் இருக்கும். வயதுக்கு வரும் பருவத்தில் அலை முடி சுருட்டையாக மாறுவது பல பிள்ளைகளிடம் பார்ப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, கூடவே சோர்வும் எடை ஏற்றமும் இருந்தால் மட்டும் கிளினிக்கில் தைராய்டும் இரும்புச் சத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பரட்டை ஏன் என்று பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே யோசித்துச் செய்துகொள்ளலாம்.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று கந்தகக் கட்டு. உறுதியானது, ரசாயனம் போட்டால்தான் அறுபடும். இன்னொன்று ஹைட்ரஜன் கட்டு. தண்ணீர் பட்டதும் அவிழும், காய்ந்ததும் மறுபடி கட்டிக்கொள்ளும். ஈர முடியை எந்த வடிவத்தில் காயவிடுகிறோமோ அந்த வடிவத்தில் நிற்பது இந்த இரண்டாவது கட்டால்தான். சிக்கல் என்னவென்றால், கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. குளிக்கவே வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிடும். பள்ளிக்கு நடக்கும்போது அவிழ்ந்து, ஏர்கோன் அறையில் உட்கார்ந்ததும் வேறு திசையில் கட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் திரும்ப அவிழ்ந்து, இப்படி ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக இஷ்டத்துக்கு வளைகிறது. சேர்ந்து ஒரே சுருளாக இருக்க வேண்டிய மயிர்கள் பிரிந்து பறப்பதைத்தான் பரட்டை என்கிறோம்.

சுருட்டை முடிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கும். வளைவுகளில் அது இறங்காது. அதனால் வேர்ப்பக்கம் பிசுக்கு, நுனிப்பக்கம் வறட்சி, இரண்டும் ஒரே தலையில். காய்ந்து, மேற்பரப்புச் செதில்கள் விரிந்த நுனி காற்றின் ஈரத்தை இன்னும் வேகமாகக் குடிக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே சுருள்களைச் சேர்த்து வடிவத்தைப் பிடித்துவிட வேண்டும். பிறகு வெளி ஈரம் உள்ளே புகாதபடி மேலே மெல்லிய பூச்சு ஒன்று இருக்க வேண்டும். காய்ந்த பிறகு என்ன தடவினாலும் பாதி வேலைதான் நடக்கும். நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: துண்டால் தேய்த்துத் துவட்டி, காற்றாடிக்கு அடியில் காயவைத்து, அப்புறம் நெருக்கமான சீப்பால் வாரி, பறப்பதை அடக்க எண்ணெய் வைக்கிறோம். காய்ந்த சுருட்டையில் சீப்பு வைத்தால், கஷ்டப்பட்டுச் சேர்ந்த சுருள் ஒவ்வொன்றையும் நாமே பிரித்துவிடுகிறோம். உங்கள் மகளுக்குக் காலையில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் பற்றி மாமியார் சொன்னதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல மேலேயே நிற்காமல் முடிக்குள்ளேயே இறங்கக்கூடியது. 2003-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரதம் கழுவலில் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. ஆய்வு செய்தவர்கள் பாராசூட் எண்ணெய் தயாரிக்கும் மாரிக்கோ நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆனால் சலூனில் நான் பார்ப்பதும் அதோடு ஒத்துத்தான் போகிறது. விஷயம் என்னவென்றால், எண்ணெய் வைக்க வேண்டிய நேரம் குளிப்பதற்கு முன்பு. தலை குளிக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னால், காது மட்டத்தில் இருந்து நுனி வரை தடவி விடுங்கள். முடி தண்ணீரைக் குடித்து ஊதுவதை அது குறைக்கும். காய்ந்த பரட்டை மேல் எண்ணெயைக் கொட்டினால் முடி கனத்துத் தொங்கும், நெற்றி வழியும், மதியம் பறப்பது பறக்கும்.

தலைத்தோலில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவிடுவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது. இந்த வியர்வைக்கு நடுவில் அதற்கு விருந்து வைக்க வேண்டியதில்லை. பொடுகு இல்லாத தலை என்றால் பரவாயில்லை. மாமியாரிடம் “நீங்கள் சொன்னபடி எண்ணெய் வைக்கிறோம் அத்தை, குளிக்கிறதுக்கு முன்னாடி வைக்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள். சண்டை வராது.

இனி குளியல். இணையத்தில் ஷாம்புவே வேண்டாம், கண்டிஷனரால் மட்டும் கழுவு என்று ஒரு கூட்டம் சொல்லும். குளிர்நாட்டில் வியர்க்காத தலைக்கு அது சரிப்படலாம். பள்ளித் திடலில் ஓடிவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை ஷாம்பு வேண்டும். தலைத்தோலில் மட்டும் போட்டு விரல் நுனியால் தேய்த்தால் போதும். அலசும்போது வழியும் நுரையே நீளத்தைச் சுத்தம் செய்துவிடும். துணி துவைப்பதுபோல முடியைச் சுருட்டி மேலே வைத்துத் தேய்க்கக் கூடாது. நடுவில் வியர்த்த நாட்களில் தண்ணீரும் கொஞ்சம் கண்டிஷனரும் போதும். தண்ணீர் துண்டிப்பு நாட்களில் தலைக்குக் குளிக்கவே வேண்டாம், அரைகுறையாக அலசிய ஷாம்பு எதைவிடவும் மோசம்.

கண்டிஷனர்தான் முக்கியமான கட்டம், இதில் அவசரப்படாதீர்கள். மகளைக் குனிந்து நிற்கச் சொல்லுங்கள், முடி முழுக்க முன்னால் விழட்டும். நேர்முடிக்காரர்கள் எடுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு கண்டிஷனர் எடுத்து, காதுக்குக் கீழே பூசுங்கள். வழுவழுப்பு வந்ததும் விரலாலேயே நுனியில் இருந்து ஆரம்பித்து மேலே ஏறிச் சிக்கெடுங்கள். பெரிய முடிச்சுகள் போன பிறகு பெரிய பல் சீப்பு ஒருமுறை. சிக்கெடுக்க வாரத்தில் இதுதான் நேரம், இதைத் தவிர வேறு நேரமே இல்லை. அப்புறம் தண்ணீரைக் கையில் ஏந்தி ஊற்றி, முடியை அடியில் இருந்து மேல்நோக்கிக் கசக்குங்கள். தண்ணீரும் கண்டிஷனரும் கலந்து சளக் சளக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் முடி போதுமான தண்ணீரைப் பிடித்திருக்கிறது. வராவிட்டால் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள். இந்த நேரத்தில் பார்த்தால் தனித்தனி மயிராக இருந்தது விரல் தடிமனில் சுருள் சுருளாகத் திரண்டு நிற்கும். அதன் பிறகு லேசாக அலசினால் போதும், கொஞ்சம் வழுவழுப்பு மிச்சம் இருக்கலாம்.

துண்டை எடுக்காதீர்கள். குளியலறைக்குள்ளேயே, தண்ணீர் சொட்டும்போதே முடிக்கான ஜெல் போட வேண்டும், மேலே சொன்ன மெல்லிய பூச்சு இதுதான். உள்ளங்கையில் ஐம்பது காசு அளவு எடுத்து இரு கைகளிலும் பரப்பி, கும்பிடுவதுபோல முடியைக் கைகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழே வழித்துவிடுங்கள். பிறகு திரும்பக் கீழிருந்து மேலே கசக்குங்கள். அடர்த்தியான முடிக்கு இன்னொரு முறை எடுக்க வேண்டி வரும். கடைசியாக ஒரு பழைய பருத்தி டி-சட்டையால் நுனியைப் பிடித்துப் பிழிந்து, அதையே தலையில் பத்து நிமிடம் கட்டி வையுங்கள். டர்க்கி டவலின் வளையங்கள் செதிலைக் கிளறிவிடும். டி-சட்டை கிடைக்காவிட்டால் நம் ஊர்க் கடையெல்லாம் தொங்கும் அந்த மெல்லிய குட் மார்னிங் துண்டும் ஆகும், தேய்க்காமல் அழுத்தினால் சரி.

இனி காய்வது. இங்கே ஒரே சட்டம்: தொடாதே. பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், கை தானாகத் தலைக்குப் போகும். காய்ந்து முடியும்போது முடி கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். பார்த்துப் பயந்து கழுவிவிடாதீர்கள், அதுதான் சரியான நிலை. அந்த விறைப்பு இருக்கும்போது வெளி ஈரம் உள்ளே போக முடியாமல் சுருள் காய்ந்து முடிக்கிறது. நூற்றுக்கு நூறு காய்ந்த பிறகு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து முடியை அடியில் இருந்து மெதுவாகக் கசக்கினால் விறைப்பு உடைந்து மிருதுவான சுருள் வெளியே வரும். சற்று ஈரம் இருக்கும்போதே உடைத்தால் அன்றைய வேலை வீண்.

நம் ஊரில் அடர்த்தியான சுருட்டை தானாகக் காய நாலைந்து மணி நேரம்கூட ஆகும், மழை நாளில் இன்னும் அதிகம். அதனால் இரவில் தலை குளிக்க வேண்டாம். ஈரத்தோடு படுத்தால் சுருளும் நசுங்கும், நாற்றமும் வரும். பள்ளி விட்டு வந்ததும் குளிப்பது நல்லது. கூரைக் காற்றாடியை முழு வேகத்தில் வைத்து அதன் அடியில் உட்காராமல், மேசைக் காற்றாடியைக் குறைந்த வேகத்தில் தள்ளி வையுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் அதன் வாயில் மாட்டும் டிஃப்யூசர் என்ற அகன்ற குடுவை தனியாகக் கிடைக்கும். குறைந்த சூட்டில், முடியை அந்தக் குடுவையில் ஏந்தி, ஆட்டாமல் பிடித்தால் அரை மணியில் பெரும்பகுதி காய்ந்துவிடும். இந்த ஊருக்கு அது நல்ல முதலீடு என்பது என் கட்சி.

வீடியோக்களைப் பார்த்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிளிசரின் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் பொருள். கோலாலம்பூரில், மூலப்பொருள் பட்டியலின் முதல் நாலைந்து பெயருக்குள் கிளிசரின் இருக்கும் ஜெல்லும், அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் லீவ்-இன் கிரீமும் பலருக்கு முடியை ஊதவைத்துவிடும். எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் சரியாகச் செய்தும் மதியத்துக்குள் ஊதினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை. சிலிகோன் கெட்டது என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. டைமெத்திகோன் போன்றவை முடிமேல் நீர் புகாத மெல்லிய படலம் போடும், நம் காற்றுக்கு அது வேண்டியதுதான். வாரம் இரண்டு முறை ஷாம்பு போடுகிறவர்களுக்குப் படிந்துபோகும் என்ற பயம் வேண்டாம். சென்னைப் பெண்கள் சொல்லும் உப்புத் தண்ணீர்ப் பிரச்சினையும், அதற்கு வாங்கச் சொல்லும் குழாய் ஃபில்டரும் இங்கே பெரும்பாலும் தேவையில்லை. அங்கே பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நமக்குக் குழாயில் வருவது சுங்கை சிலாங்கூர், சுங்கை லங்காட் போன்ற ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. கெத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள், படியாவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

கடை ஜெல் பிடிக்காதவர்கள் ஆளிவிதையில் செய்துகொள்ளலாம். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்கு இழுபட ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே பழைய நைலான் காலுறையிலோ மெல்லிய துணியிலோ வடிகட்டுங்கள். ஆறிவிட்டால் வடிகட்டவே முடியாது, விதையோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். வேலியில் நிற்கும் செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பும் சிக்கெடுக்க அருமையாக இருக்கும். ஒற்றைச் செம்பருத்தி இலைதான் நன்றாகக் கொழகொழக்கிறது, இலைத் துணுக்குகள் இல்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். சீயக்காயும் அரப்பும் சுருட்டையில் தூளாக மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் முரட்டுத்தனமும்கூட. முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது, ஆம்லெட்டாகவே சாப்பிடட்டும். எலுமிச்சைச் சாறு வேண்டாம், தலைத்தோல் எரியும்.

பள்ளி நாட்களுக்கு வருவோம், உங்கள் உண்மையான தலைவலி அதுதான். பின்னல் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றால் நல்லதே, பின்னல் சுருட்டைக்குப் பாதுகாப்பு. ஆனால் காலையில் அவிழ்த்து முழுக்க வாராதீர்கள். ஞாயிறு மாலை மேலே சொன்னபடி குளித்துக் காயவைத்த முடியை, படுக்கும் முன் விரலால் மூன்று பாகமாகப் பிரித்துத் தளர்வாகப் பின்னிவிடுங்கள். காலையில் கையை நனைத்து, ஒரு பட்டாணி அளவு ஜெல்லைத் தண்ணீரில் குழைத்து நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் மட்டும் தடவி, ஒரு பழைய மெல்லிய பல்துலக்கியால் படியவையுங்கள். அதன்மேல் துணிப்பட்டை ஒன்றை ஐந்து நிமிடம் கட்டி வைத்து, சீருடை போட்டு முடித்ததும் அவிழ்த்தால் அப்படியே நிற்கும். இறுக்கி இழுத்துப் பின்னினால் படியும் என்று நினைப்பது வழக்கம். தினமும் அப்படி இழுத்தால் நெற்றியோர முடி வேரோடு போய்விடும். நாற்பது வயதில் நெற்றி ஏறிப்போய் வரும் அக்காமார் பலரிடம் கேட்டால், பள்ளிக்காலத்து இறுக்கப் பின்னலில் ஆரம்பித்திருக்கும். ஈர முடியையும் இறுக்கிப் பின்னாதீர்கள். ஈரத்தில் முடி இழுத்த இழுப்புக்கு நீளும், அதே அளவு எளிதாக அறுந்தும் போகும். நீங்கள் மோட்டாரில் கொண்டுபோய் விடுவதாக எழுதியிருந்தீர்கள். ஹெல்மெட்டுக்குள் ஒரு வழவழப்பான துணியைத் தலையில் கட்டிவிடுங்கள், உச்சிப் பரட்டையில் பாதி அந்த உராய்வால் வருவது.

இரவுக்கும் அதே துணிதான். பருத்தித் தலையணை உறை முடியை உரசும், கண்டிஷனரையும் உறிஞ்சும். சாட்டின் துணி வாங்கி உறை தைக்கலாம். மஸ்ஜிட் இந்தியா பக்கம் துணிக்கடைகளில் கேட்டால் கிடைக்கும், இணையத்தில் பட்டு உறை என்று அதிக விலைக்கு வாங்க வேண்டாம்.

முடி வெட்டுவது பற்றி ஒரு வரி: நேர்முடிக்கு வெட்டுவதுபோல அடியில் ஒரே மட்டமாக வெட்டினால் சுருட்டை கூடாரம்போல அகலும். படிப்படியாக லேயர் வைத்து, முடிந்தால் காய்ந்த நிலையில் வெட்டத் தெரிந்தவரிடம் போங்கள். சுருட்டை வெட்டியிருக்கிறீர்களா என்று முதலிலேயே கேட்பதில் தப்பில்லை.

கடைசியாக ரீபாண்டிங். சலூன் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதல்ல, பரவாயில்லை. மேலே சொன்ன உறுதியான கந்தகக் கட்டைத் தையோகிளைக்கோலேட் என்ற மருந்தால் அறுத்து, இஸ்திரி போட்டு நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் திரும்பக் கட்டுவதுதான் அது. செய்த முடி திரும்பச் சுருளாது. ஆனால் முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும், வளர்வது சுருட்டையாக வளரும். நாலு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே நேர், இரண்டும் சேரும் இடத்தில் அறுந்துகொண்டே இருக்கும். உடனே மறுபடி செய்யச் சொல்வார்கள். 14 வயதில் ஆரம்பித்தால் இது ஓயாது.

கெராட்டின் டிரீட்மெண்ட் என்று வேறு பெயரில் சொன்னால் இன்னும் கவனம். அவற்றில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூட்டில் அதை வெளியிடும் பொருளோ இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஃபார்மால்டிஹைடு இல்லாதது என்று விற்பவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கலாம். அந்த அமிலம் கலந்த கிரீம் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மருத்துவர்கள் எழுதினார்கள். வளரும் பிள்ளைக்கு எதற்கு?

எந்தப் பொருள் வாங்கினாலும் பெட்டியில் NOT என்ற எழுத்துகளில் ஆரம்பித்து K என்று முடியும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது மலேசியாவில் அழகுசாதனப் பொருள்களைப் பதிவுசெய்யும் என்.பி.ஆர்.ஏ. அமைப்பின் எண், அவர்களுடைய இணையத்தளத்தில் தட்டிச் சரிபார்க்கலாம். பாசார் மாலாமில் பெயரில்லாத பாட்டில்களில் விற்பதை வாங்க வேண்டாம். இப்போதைக்கு உங்களுக்குத் தேவை சாதாரண ஷாம்பு, பெரிய பாட்டில் கண்டிஷனர், ஒரு சின்ன ஜெல், பெரிய பல் சீப்பு, அவ்வளவுதான். வாட்சன்ஸ், கார்டியன் போன்ற கடைகளில் எல்லாம் கிடைக்கும். விலை கூடிய கண்டிஷனர் வேண்டாம், இந்த முறையில் அது சீக்கிரம் தீரும். பள்ளி விடுமுறையில் ஆரம்பியுங்கள். முதல் சில முறை ஜெல் அளவு கூடும், குறையும், முடி பிசுபிசுக்கும். அளவு பிடிபட்ட பிறகு குளியலறை வேலையை மகளே செய்துகொள்ளட்டும்.